துறைமுகத்தில் பெட்டி பெருகினால் லோரிக்கு வேலை பெருகுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பந்திங்கில் இருக்கிறோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்து இப்போது தாமானில் எங்களோடு இருக்கிறார். அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை இன்னும் எடுக்கவில்லை. என் கணவர் துறைமுகப் பெட்டிகளை இழுக்கும் ஒரு ஹாலேஜ் நிறுவனத்தில் பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் லோரி முகப்பு) ஓட்டுகிறார், பெரும்பாலும் போர்ட் கிள்ளானின் வெஸ்ட்போர்ட்ஸ் டெர்மினலில் வேலை. அந்தப் பணத்தை முன்பணமாகப் போட்டு, பழைய பிரைம் மூவர் ஒன்றை வாங்கி, தெரிந்தவரிடம் பெர்மிட்டைப் பஜாக் (வாடகைக்கு) எடுத்து ஓட்டலாம் என்கிறார். போர்ட் கிள்ளான் ஆண்டுக்கு ஆண்டு சாதனை படைக்கிறது, வெஸ்ட்போர்ட்ஸ் இரண்டு மடங்காகப் போகிறது, கேரித் தீவில் புதுத் துறைமுகம் வரப்போகிறது என்று செய்திகளைப் போனில் காட்டுகிறார். அப்பா சரி என்றுவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. இது நல்ல நேரமா? நான் வீணாகத் தடுக்கிறேனா?
– ஒரு சகோதரி, பந்திங்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் காட்டும் செய்தி எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தச் செய்திகள் சொல்வது துறைமுகத்தின் வியாபாரத்தை. ஒற்றை லோரி வைத்திருப்பவரின் வியாபாரம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கடன் வாங்கியவர்களைக் கிள்ளானில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் முதலில் எண்களைப் பிரித்துப் பார்ப்போம்.

2024-ல் போர்ட் கிள்ளான் கையாண்டது 14.64 மில்லியன் டிஇயு. டிஇயு என்றால் இருபதடிப் பெட்டிக் கணக்கு. நாற்பதடிப் பெட்டி ஒன்று வந்தால் அது 2 டிஇயு. சரி, அப்படியென்றால் ஏழெட்டு மில்லியன் நாற்பதடிப் பெட்டி கேட்டைத் தாண்டி வெளியே வந்திருக்குமா? அதுதான் இல்லை. போர்ட் கிள்ளானின் கணக்கில் பாதிக்கும் மேல் காலங்காலமாக மறுஏற்றுமதிப் பெட்டிகள், அதாவது டிரான்ஷிப்மெண்ட். சென்னையிலிருந்து ஒரு சின்னக் கப்பலில் வரும் பெட்டியை, வெஸ்ட்போர்ட்ஸ் இருக்கும் புலாவ் இண்டாவில் இறக்குவார்கள். நான்கைந்து நாள் யார்டில் கிடக்கும். அப்புறம் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் பெரிய கப்பலில் ஏற்றுவார்கள். இறக்கும்போது ஒரு கணக்கு, ஏற்றும்போது இன்னொரு கணக்கு. ஆக, ஒரே ஒரு நாற்பதடிப் பெட்டி புள்ளிவிவரத்தில் 4 டிஇயு ஆகிவிடுகிறது. கரையிலிருந்து யார்டுக்கும் யார்டிலிருந்து கரைக்கும் அதை இழுப்பது டெர்மினலின் சொந்த வண்டி. உங்கள் கணவர் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்கலாம், தொட்டிருக்க மாட்டார்.

பந்திங் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கேயே அடுத்த பஸ் மாறிப் போகிற கூட்டம் எவ்வளவு பெருகினாலும் வெளியே நிற்கும் டாக்சிக்காரருக்கு என்ன கிடைக்கும்? அதே கதைதான்.

டாக்சிக்காரர் பார்க்க வேண்டியது ஊருக்குள் வருகிற ஆட்களை. துறைமுகத்தில் அதற்குப் பெயர் கேட்வே சரக்கு: நம் தொழிற்சாலைகளுக்கு வரும் இறக்குமதியும் அவற்றிலிருந்து போகும் ஏற்றுமதியும். இதில் உங்கள் கணவருக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். போர்ட் கிள்ளானில் அண்மை ஆண்டுகளாகக் கேட்வே சரக்கின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. சீனாவிலிருந்து நகர்ந்து வரும் முதலீடு, கிள்ளான் பள்ளத்தாக்கில் முளைக்கும் கிடங்குகள், இணையத்தில் வாங்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து பெட்டியை ஊருக்குள் இழுக்கின்றன. ஆக, ‘வேலை இருக்கிறதா’ என்று கேட்டால் இருக்கிறது. அந்த வேலை ஒற்றை லோரிக்காரருக்கு எவ்வளவு மிச்சம் வைக்கும் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் மறுஏற்றுமதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். செய்தியில் ‘ஏற்றம்’, ‘சரிவு’ என்று வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் ஆட்டம்தான். போர்ட் கிள்ளான் 2016-ல் 13.17 மில்லியன் டிஇயு கையாண்டது. 2017-ல் அது 11.98 மில்லியனாக விழுந்தது. நாட்டில் தொழிற்சாலைகள் மூடிவிட்டனவா? இல்லை. கப்பல் நிறுவனங்கள் தங்கள் கூட்டணிகளை மாற்றி அமைத்தன. பிரெஞ்சு நிறுவனமான சிஎம்ஏ சிஜிஎம், சிங்கப்பூரின் என்ஓஎல் நிறுவனத்தை வாங்கிய பிறகு தன் பெட்டிகளில் பெரும்பகுதியைச் சிங்கப்பூருக்கு நகர்த்தியது. வெளிநாட்டில் நாலு பேர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு, இங்கே மில்லியனுக்கு மேல் பெட்டிக் கணக்கு காணாமல் போனது. ஆனால் எங்கள் ஹாலேஜ் பக்கம் வேலை அந்த அளவுக்கு விழவில்லை. அதே போல, மறுஏற்றுமதி மளமளவென்று ஏறும்போதும் ஹாலேஜ் அந்த வேகத்தில் ஏறாது.

ஜொகூரைப் பாருங்கள். தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் 2023-ல் 10.48 மில்லியன், 2024-ல் 12.25 மில்லியன் என்று பாய்ந்தது. 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க்கும் ஹாப்பாக் லாய்டும் சேர்ந்து தொடங்கிய ஜெமினி கூட்டணிக்கு அது முக்கியத் தளம். ஆனால் அங்கே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறுஏற்றுமதி. அந்தப் பாய்ச்சலை நம்பி அங்கே லோரி வாங்கியவர் இருந்தால் பாவம்தான். 2000-ல் மெர்ஸ்க் சிங்கப்பூரை விட்டு அங்கே வந்தது, 2002-ல் எவர்கிரீன் வந்தது. வந்தது போல ஒருநாள் போகவும் கூடும், அது அவர்கள் தொழில்.

இப்போது உங்கள் கணவரின் அன்றாடத்துக்கு வருகிறேன். நான் சொல்வதை அவரே ஒப்புக்கொள்வார். லோரியின் வருமானம் துறைமுகத்தில் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, ஒரு நாளைக்கு அந்த லோரி எத்தனை டிரிப் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓர் இறக்குமதி டிரிப் எப்படிப் போகும்? விடியற்காலையில் புலாவ் இண்டா கேட் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனால் பெட்டி நான்கு பெட்டிக்கு அடியில் கிடக்கும், யார்டு கிரேன் மேலே உள்ளவற்றை நகர்த்தும்வரை இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்றிக்கொண்டு ஷா ஆலாமிலோ நீலாயிலோ தொழிற்சாலைக்குப் போனால், ‘பத்து மணி டீ பிரேக், போர்க்லிப்ட் வரட்டும்’ என்பார்கள். சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டியைக் கப்பல் நிறுவனம் சொல்லும் டெப்போவில் கொண்டுபோய் விட வேண்டும். பண்டமாரான் டெப்போ நிரம்பிவிட்டது, நோர்த்போர்ட் பக்கம் போ என்று பாதி வழியில் போன் வரும். அங்கே இன்னொரு வரிசை. இதில் எங்கேயும் லோரிக்காரர் கையில் நேரம் இல்லை, ஆனால் நேரத்தின் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

பெரிய ஹாலேஜ் நிறுவனம் இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? ஒரு பிரைம் மூவருக்குப் பல டிரெய்லர்கள் வைத்திருக்கிறது. பெட்டியோடு டிரெய்லரைத் தொழிற்சாலையில் கழற்றி விட்டுவிட்டு, முகப்பு மட்டும் அடுத்த வேலைக்கு ஓடிவிடும். அவர்கள் இறக்கி முடித்ததும் வேறொரு டிரைவர் வந்து மாட்டிக்கொண்டு போவார். ஒரு முகப்பும் ஒரே டிரெய்லரும் வைத்திருப்பவர் தொழிற்சாலை வாசலிலேயே காத்துக் கிடக்க வேண்டும். இரண்டாவது டிரெய்லர், மூன்றாவது டிரெய்லர் வாங்கக் காசு? பழைய முகப்பின் விலையை மட்டும் பேசுகிறவர்கள் இதை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவரின் திட்டத்தில் டிரெய்லருக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

துறைமுகம் நிரம்பி வழிந்தால் ஒற்றை லோரிக்காரர் கூடுதலாகச் சம்பாதிப்பார் என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றுவது. 2024 நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவிருக்கும். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியது. சூயஸ் பக்கம் போகாமல் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற ஆரம்பித்தன. பயணம் பத்துப் பன்னிரண்டு நாள் நீண்டது, அட்டவணை எல்லாம் குலைந்தது. வாரம் ஒன்றாக வரவேண்டிய கப்பல்கள் மூன்று ஒரே நாளில் வந்தன, அடுத்த வாரம் ஒன்றும் வரவில்லை. சிங்கப்பூரில் நெரிசல், அங்கிருந்து வழிந்தது போர்ட் கிள்ளானுக்கு. புள்ளிவிவரத்தில் அது அருமையான ஆண்டு. லோரி வரிசையில் கேட்டுப் பாருங்கள், அப்படிச் சொல்ல மாட்டார்கள். சம்பளக்கார டிரைவருக்கே டிரிப் குறைந்தால் வருமானம் குறைகிறது. ஆனால் அவருக்கு மாதத் தவணை கிடையாது. சொந்த லோரிக்காரருக்கு வரிசையில் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் வங்கிக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் மூச்சு விட நேரமிருக்காது, அப்புறம் சீனத் தொழிற்சாலைகள் திறக்கும்வரை யார்டு காலியாகக் கிடக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

துறைமுகக் கட்டணம் 30 விழுக்காடு ஏறுகிறது, அதனால் எல்லோருக்கும் வரும்படி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜூலை முதல் மூன்று கட்டமாக ஏற்றுவதாக அறிவித்த அந்தக் கட்டணம் டெர்மினலுக்குப் போவது. ஹாலேஜ் வாடகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து பெர்மிட். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். எண்களைப் பற்றிய பேச்செல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பஜாக் என்றால் உரிமம் வேறொருவருடையது. அதனால் லோரியும் அவர் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகும். முன்பணம் உங்கள் அப்பாவுடையது, தவணை உங்கள் கணவருடையது, வண்டி அட்டையில் பெயர் வேறொருவருடையது. அவருடைய நிறுவனத்துக்குக் கடன் தொல்லை வந்தால், அவர் இறந்துபோனால், அவருடைய பங்காளிகள் சண்டை போட்டால், உங்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கும்? ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை நீதிமன்றத்தில் நீட்டினால், சட்டம் விரும்பாத ஓர் ஏற்பாட்டை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்றாகும். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் வண்டி யாருடையது, ஓட்டியவர் யாருடைய ஆள் என்பதுதான்.

காலமும் மாறிவிட்டது. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கனரக வாகனங்கள் மீதான பிடி இறுகியிருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாகிறது. பெர்மிட்டை வாடகைக்கு விடும் பழக்கத்தை ஒழித்தே தீருவது என்று போக்குவரத்து அமைச்சு முனைந்து நிற்கிறது. ‘இத்தனை வருஷமாக எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்’ என்று பெர்மிட்காரர் சொல்வார். ஓட்டினார்கள், உண்மைதான். இப்போது ஐந்தாறு வருடக் கடனை அதன் மேல் கட்டுவது சரியில்லை.

டீசலும் இதில் சேரும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்குப் போனது. சரக்கு வாகனங்களுக்கு மானிய விலையில் டீசல் போட அட்டை கொடுத்தார்கள், அதுவும் உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரில். அட்டை பெர்மிட்காரர் கையில் என்றால், உங்கள் கணவர் ஒவ்வொரு முறை எண்ணெய் போடவும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் வாகனச் சோதனை, டயர், பழைய வண்டியின் கியர்பாக்ஸ். இவற்றை உங்கள் கணவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது இதெல்லாம் தவ்கேயின் தலைவலி.

விரிவாக்கச் செய்திகளுக்கு வருவோம். வெஸ்ட்போர்ட்ஸ் இரண்டு மடங்காகப் போவது உண்மை. 14 மில்லியன் டிஇயு கொள்ளளவை 27 மில்லியனாக்கும் திட்டம், புதிதாக எட்டு முனையங்கள், துறைமுகத்தை நடத்தும் உரிமையை 2082 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2082 என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இரண்டு தலைமுறைக்குக் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் கணவர் வாங்க நினைக்கும் பழைய முகப்புக்கு ஆயுள் எத்தனை ஆண்டு? முனையங்கள் ஒவ்வொன்றாகத்தான் எழும்பும். கொள்ளளவு என்பது இடம், சரக்கல்ல. மறைந்த டான்ஸ்ரீ ஞானலிங்கம் 1990களில் புலாவ் இண்டாவின் அலையாத்திக் காட்டில் தொடங்கிய இடம் இது, நம்மவர் கட்டியது என்று பெருமைப்படலாம். அந்தப் பெருமையை வங்கியில் அடமானம் வைக்க முடியாது.

கேரித் தீவுத் துறைமுகம் பற்றி எங்கள் வட்டாரத்தில் பேசாத ஆண்டு கிடையாது. 2017-ல் இந்தியாவின் அதானி துறைமுக நிறுவனம் வரை வந்து புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். இன்றும் அங்கே போனால் நீங்கள் பார்ப்பது செம்பனைதான். ஒருநாள் வரலாம். வந்தால் நானும் மகிழ்வேன். அதை நம்பி இந்த ஆண்டு லோரி வாங்க வேண்டாம். கிழக்குக் கரை ரயில் போர்ட் கிள்ளானை எட்டினால் குவாந்தான் பக்கத்து நீண்ட தூரப் பெட்டிகளில் கொஞ்சம் தண்டவாளத்துக்குப் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி அப்பாவின் பணம். ஈபிஎஃப் 2024-க்குக் கொடுத்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. ஓய்வு பெற்றவர் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால் 100 வயது வரை ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த முதியவர் காண்டாவை (தோளில் சுமக்கும் தடி) தூக்கிச் சேர்த்த பணம் எந்த வரிசையிலும் நிற்காமல் வருமானம் தருகிறது. லோரி இதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும், அதுவும் உங்கள் கணவர் இப்போது வாங்கும் சம்பளத்தைக் கழித்த பிறகு. நிறையப் பேர் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை. சொந்த லோரி மாதம் இவ்வளவு தருகிறது என்று மகிழ்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் அவர்கள் எங்கே ஓட்டியிருந்தாலும் கிடைத்திருக்கக் கூடிய கூலி.

நீங்கள் வீணாகத் தடுக்கவில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அவரிடம் உள்ள ஒரு பொருளைக் கேளுங்கள்: கடந்த மூன்று மாத டிரிப் ஷீட்டுகள். இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, கேட்டில் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், தொழிற்சாலை நேரம், காலிப் பெட்டி விட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு எத்தனை டிரிப், அதில் எத்தனை மணி நேரம் சக்கரம் உருளாமல் நின்றது என்று தெரிந்துவிடும். அப்புறம் தவணை, டீசல், டயர், காப்புறுதி, பெர்மிட் வாடகை எல்லாவற்றையும் கூட்டி அந்த டிரிப் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு டிரிப்புக்கு வரும் செலவு உங்கள் கண் முன்னால் இருக்கும். பலருக்கு அந்த இடத்திலேயே ஆசை அடங்கிவிடும். அடங்கவில்லை, கணக்கு உண்மையிலேயே நன்றாக வருகிறது என்றால், அவர் கெட்டிக்காரர். அப்போது வழி வேறு.

அந்த வழி முதலில் வாடிக்கையாளர், அடுத்து உரிமம், கடைசியில்தான் லோரி. ஒரு தொழிற்சாலையோ, சரக்கை அனுப்பிவைக்கும் பார்வர்டிங் நிறுவனமோ மாதத்துக்கு இத்தனை பெட்டி தருவோம் என்று எழுத்தில் கொடுக்கட்டும். அதை வைத்து, சொந்த நிறுவனம் பதிந்து, அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் ஏ உரிமத்துக்கு என்ன தேவை என்று, அந்த உரிமத்தைக் கொடுக்கும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டில் நேரிலேயே கேட்கட்டும். தரகர் வழியாக வேண்டாம். நேரம் பிடிக்கும். அதுவரை டிரைவர் வேலையை விடக்கூடாது. இதற்கிடையே டெர்மினலில் கிரேன் இயக்குநர், ஹாலேஜ் நிறுவனத்தில் வண்டி ஒதுக்கும் பிளானர் மாதிரி வேலைக்கு அவர் முயலலாம். வெஸ்ட்போர்ட்ஸ் விரிவாக்கத்தால் நேரடியாகப் பெருகப்போவது அந்த மாதிரி வேலைகள்தான். மறுஏற்றுமதிப் பெட்டி வந்தாலும் கிரேனில் ஆள் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். ரோட்டில் புழங்கியவரின் அனுபவத்துக்குப் பிளானர் மேசையில் நல்ல மதிப்பு உண்டு. அங்கே போனால் வாடிக்கையாளர்களும் பழக்கமாவார்கள்.

பெர்மிட்காரரிடம் இதுவரை முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், எவ்வளவு, எந்தத் தேதி, ரசீது இருக்கிறதா என்ற விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள். கொடுக்கவில்லை என்றால், அந்தத் தாளில் உங்கள் அப்பா சாட்சியாகக்கூடக் கையெழுத்துப் போட வேண்டாம்.